மலிசெலோவின் மூடாத குழி

காவலாளி மலிசெலோ செத்துப்போனதைக் காலை பத்து மணி வரை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எங்களைக் குறை சொல்லவும் முடியாது. பன்னிரண்டு வருடமாக மிஷன் வாசலில் அதே நாற்காலியில், அதே பக்கம் தலை சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிய மனிதர். கஞ்சி வெந்த வாசனை வாசல் வரை போனால் மட்டும் ஒரு கண் திறக்கும். அந்தத் திங்கட்கிழமை கஞ்சி வெந்தது, எண்பத்து நான்கு பிள்ளைகளும் குடித்து முடித்தார்கள், கண் திறக்கவில்லை. அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தோளைத் தொட்டேன். விறகுக்கட்டை மாதிரி இருந்தார்.

கஞ்சி காய்ச்சுகிறவள் நான்தான். பெயர் டெய்லெசி. அதற்கு முன் பதினாறு வருடம் புகையிலைத் தோட்டத்தில் கூலி வேலை. அங்கே பார்க்காத பிணம் இல்லை. அதனால் மலிசெலோவைப் பார்த்து நான் பயப்படவில்லை. மறுநாளை நினைத்துத்தான் பயந்தேன்.

மறுநாள் கனடாவிலிருந்து ஜூடித் அம்மா வருவதாக இருந்தது. கஞ்சி மாவு அவர்களுடைய சபை அனுப்புவது. மூன்று வருடத்துக்கு என்று சொல்லி ஆரம்பித்தார்கள், டிசம்பரோடு மூன்று வருடம் முடிகிறது. மேற்கொண்டு தருவதா வேண்டாமா என்று பார்க்கத்தான் வருகிறார். காலை பத்து மணிக்கு வந்து, நான்கு மணிக்குத் திரும்பிவிடுவார்.

எங்கள் பிள்ளைகள் யாரும் மிஷனில் தங்குவதில்லை. அப்பா அம்மா போன பிறகு சித்தி வீட்டிலோ தாய்மாமன் வீட்டிலோ படுத்து எழுந்து, காலையில் ஆளுக்கொரு கோப்பையோடு வருவார்கள். அந்தச் சித்திகளின் வீட்டிலேயே ஜனவரி பிறந்தால் மக்காச்சோளத் தவிடுதான். புதுக் கதிர் பால் பிடிக்க மார்ச் ஆகிவிடும். அந்த மூன்று மாதம் கஞ்சி இல்லாவிட்டால் எத்தனை பிள்ளைகள் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். மாவு வருவதற்கு முந்தைய வருடம் நானே நான்கு பேரைக் குளிப்பாட்டித் துணி சுற்றியிருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

பாஸ்டர் பிஸ்விக் நாற்பது நாளாகப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்கியிருந்தார். மத்தளம் இரண்டு, வரவேற்புப் பாட்டு நான்கு. மலிசெலோவின் நாற்காலி முன் வந்து நின்றவர் தலையில் கை வைத்தார்.

"இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருக்கலாமே இந்த மனுஷன்," என்றார். சொன்ன பிறகுதான் பாஸ்டர் என்பது ஞாபகம் வந்தது போல. "கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்," என்று சேர்த்துக்கொண்டார்.

ஊரில் பிணம் கிடக்கும்போது மத்தளம் கூடாது. மாவு இடிக்கக் கூடாது. மண்வெட்டி வயலில் படக் கூடாது. இதையெல்லாம் காவல் காப்பவர்கள், பிணக்குழி வெட்டும் குழிக்காரர்கள். எங்கள் ஊரில் தலைவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு உண்டு, பாஸ்டர் பேச்சுக்குக் கொட்டாவி உண்டு, குழிக்காரர் பேச்சுக்கு மட்டும் மறுபேச்சு கிடையாது. எல்லாரும் ஒருநாள் அவர்கள் கைக்குப் போக வேண்டியவர்கள்தானே.

மதியத்துக்குள் லாஸ்டன் பத்துப் பேரோடு வந்துவிட்டான். குழிக்காரர்களுக்கு அவன்தான் தலை. மற்ற நாளில் செங்கல் அறுப்பவன், என்னைக் கண்டால் 'அக்கா' என்று ஒதுங்கிப் போகிறவன். சாவு விழுந்துவிட்டால் அவன் கழுத்தே வேறு மாதிரி நிமிர்ந்துவிடும்.

"பாஸ்டரே, மலிசெலோவுக்குன்னு ஆளு யாரு?"

"யாருமில்லப்பா. மொசாம்பிக் பக்கத்துலேர்ந்து வந்தவரு. தாய்மாமன் கிடையாது, அக்கா தங்கச்சி கிடையாது."

"சோறு போட்டது?"

"மிஷன்."

"படுத்தது?"

"மிஷன்லதான்."

"படுக்கல, உக்காந்தே தூங்குனாரு," என்றான் பின்னால் ஒருவன்.

"அப்ப இது மிஷன் சாவு," என்றான் லாஸ்டன். "செத்த வீடு இதுதான். வீட்டுக்காரன் நீதான்."

பாஸ்டர் தலையாட்டினார். "சரிதான், சரிதான். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அடக்கத்தை முடிச்சுட்டோம்னா…"

"சாவுக்கு மணி குறிக்கிறது நீயா, நானா?"

"இல்லப்பா, விருந்தாளி…"

"பிப்ரவரியில என் மாமன் செத்தாரு. பத்து நிமிஷம் ஜெபம் பண்ணிட்டு, மீட்டிங் இருக்குன்னு மோட்டார் சைக்கிள்ல ஏறிட்ட. மே மாசம் நசாலா வீட்டுக் கிழவி செத்தா. பெட்டி குழிக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி உன் வண்டி மேட்டுலேர்ந்து இறங்கிருச்சு. யார் சாவுக்கும் உக்காராதவன் வீட்டுச் சாவுக்கு நாங்க ஏன்யா தோண்டணும்?"

லாஸ்டன் என் பக்கம் திரும்பினான்.

"இந்த அக்கா அதுக்கு மேல. ஊருக்குள்ள பிணம் கிடக்கு, மிஷன் அடுப்புல புகை போகுது."

"செத்தவனுக்குப் பசிக்காதுடா லாஸ்டன். உன் அக்கா பொண்ணுங்க ரெண்டும் அந்தப் புகையிலதான் வளருது. மறந்துட்டியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். லாஸ்டன் சிரிக்கவில்லை. "மறக்கல. அதனாலதான் உனக்கு அபராதம் கம்மி. குழிக்காரங்களுக்கு நீதான் சமைக்கிற."

பாஸ்டருக்கு விதித்தது பெரியது. மண் மூடி மேடு கட்டும் வரை தரையில் உட்கார வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. போன் லாஸ்டனின் பைக்குள் போனது. பாஸ்டர் அதை எடுத்துக் கொடுத்தபோது கொஞ்சம் அழுத மாதிரி இருந்தது, துக்கம் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

செத்த வீட்டில் குழிக்காரர் எதன்மேல் கை வைத்தாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. இவர்கள் முதலில் என் பெரிய கஞ்சிப் பானை மேல் கை வைத்தார்கள். பிறகு கோழிக்கூண்டுப் பக்கம் நடந்தார்கள்.

அது வெறும் கோழிக்கூண்டு இல்லை. பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முட்டை என்று ஜூடித் அம்மாவின் சபை வாங்கிக் கொடுத்த இருபத்து நான்கு கோழிகள். அங்கே உள்ள ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, பெயர் எழுதிய கலர் வளையங்களை அனுப்பியிருந்தார்கள். அவற்றைக் கோழிகளின் கால்களில் மாட்ட எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது. எனக்குத் தெரிந்து அவற்றில் இரண்டே ஜாதி, முட்டை போடுகிறது, போடாதது.

பாஸ்டர் தரையில் இருந்தபடியே கத்தினார். "ஐயோ லாஸ்டன், அதுக்கெல்லாம் பேரு இருக்குப்பா!"

"பேரு இருந்தா வேகாதா?" என்றான் லாஸ்டன்.

ஏழு கோழிகள் போயின. போடாததாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஜீப் வந்தது. சாவு ஊர் என்பதற்கு அடையாளமாகப் பாதையில் தழைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் உள்ளூர்க்காரர், தழையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். ஜூடித் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். ஏர் பிடிக்கிற ஆள் மாதிரி அகலமான தோள். பாட்டும் ஆட்டமும் எதிர்பார்த்து சிரித்துக்கொண்டே இறங்கியவரை, முந்நூறு பேர் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தபடி பார்த்தார்கள். சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பெண்கள் நான்கு பேர் போய், சாவு வீட்டு வழக்கப்படி அவருடைய கால்சட்டைக்கு மேல் ஒரு துணியைச் சுற்றிவிட்டார்கள்.

லாஸ்டன் வந்து பார்த்தான். "மாவு அனுப்புறவங்க இவங்கதானே? அப்ப வீட்டுக்குப் பெரியவங்க வந்தாச்சு."

பாஸ்டர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஜூடித் அம்மா தன் மார்பைத் தொட்டுக் காட்டி, "நானா?" என்று கேட்டது எனக்கே புரிந்தது. ஆனால் தகராறு செய்யவில்லை. குனிந்து பாஸ்டரிடம் மெதுவாக நீளமாக ஏதோ பேசிவிட்டு, பெண்கள் பக்கம் வந்து என் அருகில் முழங்கால் இரண்டும் மடமடக்க உட்கார்ந்தார்.

பாஸ்டர் என்னைக் கையால் கூப்பிட்டார். அவர் எழுந்திருக்க முடியாதே, நான்தான் தண்ணீர்ச் சொம்போடு போனேன்.

"முடிஞ்சுதுக்கா," என்றார். "அவங்க சபைக் கமிட்டி முடிவு பண்ணிருச்சாம். டிசம்பரோட கஞ்சி நிறுத்தம். அதை நேர்ல சொல்லத்தான் வந்திருக்காங்க."

"பாத்துட்டு முடிவு பண்றதாத்தானே பேச்சு?"

"பாக்குறதுக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க. கஞ்சிக்குப் பதிலா, பிள்ளைங்கள வச்சிருக்கிற பெரியவங்களுக்குப் பயிற்சி தர்றாங்களாம். சொந்தக்கால்ல நிக்கிறதுக்கு."

"ஜனவரியில கஞ்சி இல்லன்னா எந்தக் கால்ல நிக்கிறது? நீங்க கேக்கலியா?"

"கேட்டேன். அவங்களுக்கும் வருத்தமாத்தான் இருக்காம்."

"வருத்தத்தையா காய்ச்சி ஊத்துறது?"

"எங்கிட்ட ஏன்க்கா கத்துற?" என்றார் பாஸ்டர். தூரத்திலிருந்து லாஸ்டன், "செத்த வீட்டுல என்ன குசுகுசு?" என்று சத்தம் போட்டான். நான் எழுந்து அடுப்புக்குப் போனேன். கிண்ட மறந்து நின்றதில் மக்காச்சோளக் களியில் கட்டி விழுந்துவிட்டது. இதற்கு முன் என் கையில் களி கட்டி விழுந்தது கல்யாணமான புதிதில்தான்.

குழிக்காரர் சாப்பாட்டை வீட்டுப் பெரியவர் கையால்தான் பரிமாற வேண்டும். ஜூடித் அம்மாவின் தலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஏற்றப் பார்த்தார்கள், நிற்கவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒரு தேர்ந்த ஆள் மாதிரி நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இடுகாடு மேட்டில், பெரிய மரக்கூட்டத்துக்குள் இருக்கிறது. குழி வெட்டி முடித்த பத்துப் பேரும் லாஸ்டனும் வேர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் களியும் கோழியும் வைத்தார். குனிந்து குனிந்து வைத்தார்.

லாஸ்டனுக்குக் கோழிக்கால் பிடிக்கும், பாதத்தோடு. அவன் கடித்தான், மென்றான், முகத்தைச் சுளித்தான், எதையோ துப்பினான். மஞ்சள் வளையம் ஒன்று ஜூடித் அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. வளையங்களைக் கழற்றிய அவசரத்தில் நான் எல்லாப் பாதத்தையும் பார்க்கவில்லை.

அவர் எடுத்தார். துடைத்தார். படித்தார். தரையில் தவழ்ந்து தவழ்ந்தே இடுகாடு வரை வந்திருந்த பாஸ்டர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "மார்ஜரி," என்றார் என்னிடம். "கமிட்டித் தலைவரோட சம்சாரம் பேரு."

ஜூடித் அம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. இடுப்புத் துணியின் முனையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் பக்கத்தில் இருந்ததால் அது சிரிப்பு என்று தெரிந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற பெண்கள், வெள்ளைக்காரம்மா மலிசெலோவுக்காக இப்படி அழுகிறாரே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். அதைக் கேட்டு அவருக்கு இன்னும் தாங்கவில்லை. மலிசெலோவுக்கு அன்று கிடைத்த அழுகை ஊர்த் தலைவருக்குக்கூடக் கிடைக்காது.

அந்தச் சத்தத்தில் நான் லாஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்து, களி வைக்கிற சாக்கில் சொன்னேன். "டிசம்பரோட மாவு நின்னுருச்சு. உன் அக்கா பொண்ணுங்களுக்கும் சேத்துத்தான்."

எலும்பைக் கடித்துக்கொண்டே இருந்தான். பிறகு கையைக் கழுவினான்.

பெட்டி குழிக்குள் இறங்கியது. எங்கள் வழக்கத்தில் மண் தள்ளுவதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. செத்தவனின் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று குழிக்காரர் கேட்பார். சொந்தக்காரர்களில் ஒருவர் முன்னால் வந்து, நான் என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். திறந்த குழி முன்னால் சொன்ன வாக்கை யாரும் மீற மாட்டார்கள். மலிசெலோவுக்குப் பிள்ளையே இல்லை, அதனால் கேள்வி இருக்காது என்றுதான் நினைத்தேன்.

லாஸ்டன் மண்வெட்டியை ஊன்றினான். "இவன் வீடு மிஷன். அந்த வீட்டுல பிள்ளைங்க எண்பத்து நாலு. இவங்களை யார் பாக்குறது?"

பாஸ்டர் மெதுவாக மொழிபெயர்த்தார். ஜூடித் அம்மாவின் முகத்திலிருந்த கடைசிச் சிரிப்பும் போய்விட்டது. குழியைப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அவங்களா ஒண்ணும் சொல்ல முடியாதாம்," என்றார் பாஸ்டர். "கமிட்டிதான் சொல்லணுமாம்."

"அப்ப கமிட்டி சொல்லட்டும்," என்றான் லாஸ்டன். மண்வெட்டியைக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான். பத்துப் பேரும் உட்கார்ந்தார்கள். "அதுவரைக்கும் இவரு இப்படியே இருக்கட்டும். தூங்குறது இவருக்குப் புதுசா?"

நவம்பர் வெயில். மரநிழலிலும் அனல். நாற்பது நிமிடம் யாரும் நகரவில்லை. ஜூடித் அம்மா மணியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். குழி மூடாமல் கிளம்ப டிரைவருக்கும் தைரியம் இல்லை. மரத்தடி மண்ணை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஜூடித் அம்மா தன் போனை எடுத்தார். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது இடுகாட்டை ஒட்டிய கரையான் புற்று மேல்தான். இரண்டு பேர் அவரைத் தூக்கிப் புற்றில் ஏற்றினார்கள். போன் சத்தத்தைப் பெரிதாக்கச் சொன்னான் லாஸ்டன். கேள்வி ஊர் காதில் விழுந்தது, பதிலும் விழ வேண்டும் அல்லவா.

அங்கே இன்னும் விடியவில்லை. தொண்டை கட்டிய ஒரு ஆண் குரல் வந்தது. கமிட்டித் தலைவர் ஹோவர்ட். பாஸ்டர் அடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஊருக்குச் சொன்னார்.

"யார் செத்ததுன்னு கேக்குறாரு."

"நம்ம காவல்காரர்னு சொன்னாங்க."

"நமக்குக் காவல்காரர் இருந்தாரான்னு கேக்குறாரு."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. லாஸ்டன் எழுந்தான். "பன்னெண்டு வருஷம் காவல் காத்தவரய்யா! எப்படிக் காத்தாருன்னு கேக்கச் சொல்லு."

"அதை மட்டும் கேக்க விடாதீங்க," என்று நான் பாஸ்டரின் சட்டையை இழுத்தேன்.

ஜூடித் அம்மா புற்றின் மேல் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். பிள்ளைகள், ஜனவரி, தவிடு. ஜனவரி எப்படி இருக்கும் என்று காலையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தபோது கேட்டிருப்பார் போல. எப்படிப் புரிந்துகொண்டார் என்று தெரியவில்லை.

"ஒரு வருஷம் தரலாம்னு சொல்றாரு!" என்று பாஸ்டர் கத்தினார்.

லாஸ்டன் கண் காட்டினான். பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு வெட்டு மண்ணைத் தள்ளினார்கள். பெட்டியின் பலகை பாதி மறைந்தது. திரும்பவும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒரு வருஷத்துக்கு இவ்வளவு மண்ணுதான்," என்றான்.

போனில் ஹோவர்ட் ஏதோ கேட்டார். "அது என்ன சத்தம்ங்கிறாரு," என்றார் பாஸ்டர். ஜூடித் அம்மா விளக்கினார்.

"ரெண்டு வருஷமாம்."

முழங்கால் உயரத்துக்கு மண் விழுந்தது. நின்றது.

"இந்த ஆழத்துல கழுதைப்புலி தோண்டிரும்னு சொல்லு," என்றான் லாஸ்டன். எங்கள் பக்கம் கழுதைப்புலி பார்த்து எட்டு வருடம் ஆகிறது. ஜூடித் அம்மா பாஸ்டர் சொன்னதற்கு மேலேயே ஏதோ சேர்த்துச் சொன்னார், கிளையை விட்ட கையால் பல் மாதிரி காட்டினார். போனில் அது தெரியாது என்று அவருக்குத் தோன்றவில்லை.

"எத்தனை வருஷம்தான் வேணும்னு கேக்குறாரு. கோபமா கேக்குறாரு."

லாஸ்டன் என்னைப் பார்த்தான். ஊரே என்னைப் பார்த்தது. கஞ்சி ஊற்றுகிறவளுக்குத்தானே தெரியும்.

"கடைசிப் பிள்ளைக்கு ரெண்டு வயசு," என்றேன். "ஏழு வயசானா காட்டுல கிழங்கு தோண்டித் தின்னும், பொழைச்சுக்கும். அஞ்சு வருஷம்."

ஐந்து என்றதும் ஹோவர்ட் நன்றாக விழித்துக்கொண்டார். கமிட்டி, கூட்டம், வாக்கெடுப்பு என்று பாஸ்டரின் மொழிபெயர்ப்பு பின்தங்கிப் போகிற வேகத்தில் பேசினார். நடுவில் ஒரு பெண் குரல் புகுந்தது. தூக்கம் கலைந்த பெண் குரல் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது. பாஸ்டர் மொழிபெயர்க்காமலே ஊர்ப் பெண்கள் தலையாட்டினார்கள்.

"அவரு சம்சாரம்," என்றார் பாஸ்டர். "அந்த ஏழை மனுஷனை மண்ணைப் போட்டு மூடுங்க, அஞ்சு வருஷம் தர்றோம்னு சொல்லித் தொலைங்க, இல்லன்னா போனை எங்கிட்ட குடுங்கங்கிறாங்க."

"குடுக்கச் சொல்லு," என்றான் லாஸ்டன்.

கொடுத்துவிட்டார் போல. மார்ஜரி அம்மா தெளிவாக, நிறுத்தி நிறுத்தி ஐந்து வருடம் என்று சொன்னார். பிறகு ஹோவர்டும் அதையே சொன்னார், கொஞ்சம் மெதுவாக. இரண்டையும் ஊர் கேட்டது. கடைசியாக அந்த அம்மா வேறு ஏதோ கேட்டார். ஜூடித் அம்மா, "கோழியைப் பத்தி நேர்ல வந்து சொல்றேன்," என்று பதில் சொல்லிவிட்டு அவசரமாகப் போனை அணைத்தார்.

பத்து மண்வெட்டிகளும் ஒன்றாக எழுந்தன. மேடு கட்டி முடிக்கும் வரை நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் மாவு லாரி வந்தது. கூடவே கமிட்டியின் கடிதமும். பாஸ்டர் என் அடுப்படியில் நின்று படித்தார். ஐந்து வருடம் உறுதி. கோழிகளின் எண்ணிக்கையை மட்டும் திருத்தி அனுப்ப வேண்டும். இன்னொரு வேண்டுகோள்: இனி அவசரச் சாவு என்றால் அவர்களுடைய நேரப்படி காலை எட்டு மணிக்குப் பிறகு அழைக்கவும்.

லாஸ்டன் அக்கா பிள்ளைகளை விட வந்தவன், அங்கேயே குந்தியிருந்தான். "அவசரமில்லாத சாவுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டான். "இதை எழுதிக் கேளு பாஸ்டரே."

பாஸ்டர் உண்மையாகவே பேனாவை எடுத்தார். நான் கரண்டியால் அவர் கையைத் தட்டினேன்.

"எல்லா மூட்டையும் முதல்ல லாரியிலேர்ந்து இறங்கட்டும்," என்றேன்.